நாக்கில் நின்ற 2024

டிசம்பர் கடைசி வாரத்தில் பத்திரிகைகள் போடும் 'ஆண்டின் சிறந்தவை' பட்டியல்களில் ஒரு கோளாறு உண்டு. நவம்பரில் வந்தவை எல்லாம் கண் முன்னால் நிற்கும்; பிப்ரவரியில் வந்தவை மங்கிப்போயிருக்கும். பந்தி முடிந்து கை கழுவும் இடத்திலேயே வழிமறித்து, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கும் கல்யாண வீட்டுக்காரரின் அவசரம் அது. வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகும் எந்தப் பதார்த்தம் நினைவில் இருக்கிறதோ, அதற்குத்தான் மார்க் போட வேண்டும்.

2024-ஆம் ஆண்டு அப்படி ஆறப்போட்டு மதிப்பிடத் தகுந்த ஆண்டு. கேளிக்கை, சாப்பாடு, பானம் என்று மூன்று தனித் தட்டுகளில் பரிமாறுவதுதான் வழக்கம். அந்த ஆண்டில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. பிடித்த படங்களை எடுத்து வைத்தால் பாதிக்கு மேல் அடுப்பங்கரையைச் சுற்றி நடக்கின்றன: யார் சமைக்கிறார்கள், யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யாருக்கு மிஞ்சவில்லை. அந்தப் படங்களைத் திரையிட வேண்டிய அரங்குகளோ தின்பண்டத்தை நம்பிப் பிழைக்கின்றன. இந்த இரண்டு சாப்பாட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் சங்கடம்.

முதல் இடம் ஒரு ரைஸ் குக்கருக்கு. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' படத்தில் மும்பை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கும் மலையாளி நர்ஸ் பிரபாவுக்கு (கனி குஸ்ருதி) ஒரு பார்சல் வருகிறது. கணவன் ஜெர்மனியில், பேச்சு நின்று நாளாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு நிறத்தில் பளபளக்கும் ரைஸ் குக்கர். அனுப்பியவர் பெயர் இல்லை. ஓர் இரவு பிரபா தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிக்கொள்கிறாள். வசனம் எதுவும் கிடையாது. அந்த ஆண்டு இந்தியத் திரையில் வந்த காதல் காட்சிகளில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போன எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு சாமான் இருக்கும். அன்புக்குப் பதிலாக வந்ததா, அன்பாகவே வந்ததா என்று தெரியாமல் அலமாரியில் உட்கார்ந்திருக்கும்.

2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்கு கிராண்ட் பிரி விருது கிடைத்தது. 1994-ல் ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' போட்டியிட்டதற்குப் பிறகு, 30 ஆண்டுகள் கழித்து அந்த விழாவின் பிரதானப் போட்டிப் பிரிவில் நுழைந்த இந்தியப் படம் இது. ஆனால் ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பத் திரைப்பட சம்மேளனம் தேர்ந்தெடுத்தது வேறு படத்தை. இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் பார்ப்பதுபோல் நடுவர்களுக்குத் தோன்றியதாக சம்மேளனத் தலைவர் விளக்கம் சொன்னார். படத்தில் மலையாளம் பேசுகிறார்கள், ஹிந்தி பேசுகிறார்கள், மராத்தி பேசுகிறார்கள். லோக்கல் ரயிலில் தொங்குகிறார்கள், மழையில் நனைகிறார்கள். தேடிப் பார்த்தால் அதில் இருக்கும் ஒரே ஐரோப்பிய சமாச்சாரம் அந்தக் குக்கர்தான். அதுவும் சோறு வடிக்கத்தான் வந்தது.

சம்மேளனம் அனுப்பிய படமும் சோடை போனதல்ல. மார்ச் 1 அன்று வெளியான கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' இந்தப் பட்டியலில் தன் காலிலேயே நிற்கும். ரயிலில் இரண்டு மணப்பெண்கள் முக்காடு மாறிப்போகிறார்கள். தனியாக விடப்பட்ட பூல் என்ற பெண்ணுக்குப் புகுந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது. ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் டீக்கடை வைத்திருக்கும் மஞ்சு மாயி அவளுக்கு இடம் கொடுக்கிறாள், வேலை கொடுக்கிறாள். பூல் கலாகந்த் செய்கிறாள், அது விற்கிறது, கையில் காசு வருகிறது. வீட்டுக்கு வெளியே எதற்கும் உதவாதது என்று நினைத்திருந்த ஒரு கைப்பக்குவம் அவளுடைய முதல் சம்பளமாகிறது.

இன்னொரு மணப்பெண் தவறிப்போய்ச் சேர்ந்த வீட்டில், மாமியார் சமைத்த தாமரைத்தண்டுக் கறியை அவள் பாராட்டுகிறாள். மாமியார் திகைத்துப்போகிறாள். அந்த வீட்டில் சமையலை யாரும் பாராட்டியது கிடையாது. ஆண்களுக்குப் பிடித்ததையே சமைத்துச் சமைத்து, தனக்கு என்ன பிடிக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. இரண்டு நிமிடக் காட்சி. தியேட்டரில் சிரிப்பாகத்தான் போகும். வீட்டுக்கு வந்த பிறகு எத்தனை பேர் தங்கள் அம்மாவிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்பதுதான் படத்தின் உண்மையான வசூல்.

அந்த டீக்கடை மஞ்சு மாயியாக நடித்தவர் சாயா கதம். கபாடியாவின் படத்தில், கையில் பத்திரம் இல்லாததால் பில்டரால் வீட்டைவிட்டு விரட்டப்படும் மருத்துவமனை சமையற்காரி பார்வதியும் அவர்தான். ஒரே ஆண்டில் இரண்டு முக்கியமான படங்களில் அடுப்படிப் பெண். இரண்டிலும் யாரிடமும் கைநீட்டாத பெண். ஹிந்தி சினிமாவில் சமையலறைப் பாத்திரம் என்றால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மா என்ற வழக்கத்தை மாற்ற இந்த ஒரு நடிகையின் ஓராண்டு வேலையே போதும். 2025 அக்டோபரில் 'லாபதா லேடீஸ்' படத்துக்காக அவருக்கு ஃபிலிம்ஃபேரின் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. 2024-ஆம் ஆண்டின் கலைஞர் யார் என்று கேட்டால் கதாநாயகர்களைத் தாண்டி அவர் பெயரைச் சொல்லலாம்.

அதே கான் விழாவில் பழைய படங்களுக்கான பிரிவில் ஒரு பால் படமும் ஓடியது. ஷியாம் பெனகலின் 'மந்தன்', 1976-ல் வந்தது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் உருவான கதை. குஜராத்தின் 5 லட்சம் விவசாயிகள் தலைக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த படம். டைட்டிலிலேயே தயாரிப்பாளர்கள் அவர்கள்தான். தாங்கள் பணம் போட்ட படத்தைப் பார்க்கக் கிராமத்துக்காரர்கள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். சிதைந்துபோயிருந்த படத்தை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் மீட்டெடுத்தது; சென்னையின் பிரசாத் நிறுவனத்துக்கும் இத்தாலியின் போலோனா நகரத்து ஆய்வுக்கூடத்துக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு. உலகப் பால் தினமான ஜூன் 1 அன்றும் மறுநாளும் இந்திய நகரங்களில் மறுபடி திரையிட்டார்கள். ஸ்மிதா பாட்டீலின் முகத்தில் அந்தப் புழுதி வெயில் மறுபடி பளிச்சென்று விழுந்தது. பெனகலுக்கு டிசம்பர் 14-ல் 90 வயது முடிந்தது. டிசம்பர் 23-ல் காலமானார். தன் படம் துலக்கி வைக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பழைய படங்களை மறுபடி திரையிடுவது அந்த ஆண்டின் மோஸ்தராகவே இருந்தது. 'கில்லி' ஏப்ரலில் வந்து 20 ஆண்டு பழைய விசிலைத் திரும்ப எழுப்பியது. அதைவிட வினோதம் 'தும்பாட்'. 2018-ல் வந்தபோது கண்டுகொள்ளாமல் விட்ட ஜனங்கள், 2024 செப்டம்பரில் மறுபடி வந்தபோது முதல் வெளியீட்டைவிட அதிக வசூலைக் கொடுத்தார்கள். இதுவும் சாப்பாட்டுக் கதைதான். பொன்னையும் தானியத்தையும் சேர்த்து விழுங்க ஆசைப்பட்ட தெய்வம் ஒன்றுக்குப் பொன் கிடைத்தது, தானியம் கிடைக்கவில்லை. தீராத பசியோடு அது கிணற்றுக்கடியில் கிடக்கிறது. மாவுப் பொம்மையைக் காட்டி ஏமாற்றி அதனிடம் பொற்காசு பறிக்கிறான் மனிதன். ஆசைக்கும் பசிக்கும் உள்ள தூரத்தை இவ்வளவு பயங்கரமாகக் காட்டிய படம் குறைவு.

விருந்தோம்பல் பற்றி மட்டும் அந்த ஆண்டு நேரெதிரான இரண்டு படங்கள் வந்தன. ராகுல் சதாசிவனின் மலையாளப் படம் 'பிரமயுகம்' பிப்ரவரியில் கறுப்பு வெள்ளையில் வந்தது. காட்டில் தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பாழடைந்த மனையொன்றில் நுழைகிறான். அங்கே ஒரு பெரியவர் (மம்மூட்டி), ஒரு சமையற்காரன். சோறு போட்டு உபசரிக்கிறார்கள். அதோடு சரி, வெளியே போக வழியில்லை. பகடையில் பணயமாகத் தன் காலத்தையே வைத்து இழக்கிறான் விருந்தாளி. பசித்தவனுக்குப் போடும் சோற்றில் அதிகாரம் எப்படிக் கலந்திருக்கும் என்பதைச் சொல்ல ஒரு பேய்க் கதை போதுமாயிருந்தது.

மறுபக்கம் பிரேம்குமாரின் 'மெய்யழகன்'. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போய், ஊரே வேண்டாம் என்று இருந்தவர் (அரவிந்த்சாமி), ஒரு கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரன் (கார்த்தி) உபசரித்தே திணறடிக்கிறான். அவன் பெயர் என்ன என்று இவருக்கு நினைவில்லை; கேட்கவும் கூச்சம். டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியேறிவிட்ட தமிழர்களுக்கு இந்தக் கூச்சம் நன்றாகத் தெரியும். ஊர்க் கல்யாணத்தில் கையைப் பிடித்துக்கொண்டு 'என்னைத் தெரியுதா?' என்று கேட்பவரிடம் சிரித்து மழுப்பியே நாலு பந்தி தாண்டியிருப்பார்கள். செப்டம்பர் 27-ல் வெளியான சில நாட்களிலேயே, நீளம் அதிகம் என்ற புகாருக்குப் பணிந்து ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். ரசத்துக்குக் காத்திருப்பவரின் இலையை மடித்துவிடும் காரியம். பேச்சு நீள்வதுதான் அந்தப் படத்தின் விருந்தே.

தமிழில் ஒரே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, இரண்டு படங்கள் வந்து மோதிக்கொண்டதையும் குறிப்பிட வேண்டும். மாரி செல்வராஜின் 'வாழை'யில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனுக்குப் பசிக்கும்போது ஒரு பழத்தைத் தொட உரிமை கிடையாது. வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யில் பலிக்காகக் கொண்டுபோகும் சேவலும் கல்யாணத்துக்காகக் கொண்டுபோகும் பெண்ணும் ஒரே ஆட்டோவில் பயணம் செய்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. பெர்லினில் திரையிடப்பட்ட படம் அது. ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டையும் இறக்கிவிட்ட புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல?

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் பிடித்த படம் என்றால் 'மஞ்ஞுமல் பாய்ஸ்'. கொடைக்கானல் குகையில் நண்பன் விழுந்துவிடுகிறான். 1991-ல் வந்த 'குணா' பாட்டு மேலே இருந்து கேட்கிறது. உலகம் முழுவதும் 200 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மலையாளப் படம். தமிழ்நாட்டில் அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி அரங்குக்குள் விற்கும் சாப்பாடு. நாட்டின் மிகப் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனமான பி.வி.ஆர். ஐநாக்ஸ் வெளியிட்ட 2023-24 நிதியாண்டுக் கணக்குப்படி, ஒரு ரசிகர் டிக்கெட்டுக்குச் சராசரியாகக் கொடுத்தது 259 ரூபாய். தீனிக்கு 132 ரூபாய். நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு படம் பார்த்துக் கொறித்துவிட்டு வர 1,500 ரூபாய்க்கு மேல். டிக்கெட் பணத்தில் ஏறத்தாழ பாதி விநியோகஸ்தர் பக்கம் போய்விடும். தீனிக் காசில் அவருக்குப் பங்கில்லை. ஆகவே அரங்கு நடத்துகிறவரின் கண் திரையைவிடக் கவுன்ட்டர் மீதே இருப்பதில் அதிசயமில்லை. கபாடியாவின் படத்துக்குத் தனியாக வந்து ஓரத்து சீட்டில் உட்காரும் பெண்மணி பக்கெட் பாப்கார்ன் வாங்குவதில்லை. குடும்பம் குடும்பமாக வரும் கூட்டம் வாங்கும். நவம்பர் 22-ல் இந்தியா முழுவதும் வந்த அந்தப் படம் இரண்டு வாரத்தில் 'புஷ்பா 2' கூட்டத்துக்கு முன்னால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சோதிடம் தெரிய வேண்டாம். தவறவிட்டவர்கள் 2025 ஜனவரியில் ஓ.டி.டி.யில், வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடிந்தது. குக்கர் விசிலுக்கு நடுவே.

வெளியிலிருந்து உணவு கொண்டுவரத் தடை விதிக்க அரங்குகளுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றம் அதற்கு முன் வேறு மாதிரி தீர்ப்பளித்திருந்தது. யாராவது ஜிலேபி கொண்டுவந்து தின்றுவிட்டுக் கையை சீட்டில் துடைத்தால் என்ன செய்வது என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி கேட்டார். குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பவை மட்டும் சலுகை. சட்டப்படி சரியாக இருக்கலாம். முறுக்கும் சீடையும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு டூரிங் டாக்கீஸுக்குப் போன பாட்டிகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

ஆண்டு முடிய பத்து நாள் இருக்கும்போது நகைச்சுவைக்கான பரிசையும் பாப்கார்னே தட்டிச்சென்றது. டிசம்பர் 21 அன்று ஜெய்சல்மரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் தெளிவுபடுத்தியது: உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாக விற்றால் 5 சதவீத வரி, பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டினால் 12, கேரமல் பூசி இனிப்பாக்கினால் அது மிட்டாய் வகை, 18. ஒரே சோளம், மூன்று ஜாதி. அரங்கில் உதிரியாக விற்பதற்கு 5 சதவீதம்தான் என்று அரசு பிறகு விளக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22-ல் அமலான வரி மாற்றத்தில் எல்லாப் பாப்கார்னும் 5 சதவீதத்துக்குள் வந்து சமத்துவம் பெற்றது. 100 ரூபாய்க்கு மிகாத சினிமா டிக்கெட்டின் வரியும் 12-லிருந்து 5 ஆனது. அந்த விலையில் டிக்கெட் விற்கும் அரங்குகள்தான் அருகிப்போயின.

பானங்களில் அந்த ஆண்டின் செய்தி ஒரு பெயர் நீக்கம். போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்காதீர்கள் என்று மத்திய வர்த்தக அமைச்சகம் ஏப்ரலில் இணைய வியாபாரிகளுக்குச் சொன்னது. காரணம் எளிமையானது: 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பானமே வரையறுக்கப்படவில்லை. பரீட்சை நாளில் அம்மாமார்கள் ஆற்றிக் கொடுத்த டம்ளருக்குச் சட்டத்தில் இடமில்லாமலே பல தலைமுறைகள் குடித்து வளர்ந்திருக்கின்றன. ஹார்லிக்ஸை வைத்திருக்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் தன் பட்டியலில் அந்த வகையின் பெயரை மாற்றிக்கொண்டது.

அதே நிறுவனத்தின் இன்னொரு பானம் வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. 1980-களின் இறுதியில் தூர்தர்ஷன் முன் உட்கார்ந்தவர்களுக்குத் தாஜ்மஹால் டீ என்றால் ஜாகிர் ஹுசைன்தான். பின்னால் தாஜ்மஹால், முன்னால் தபலா, சிலிர்க்கும் தலைமுடி. கச்சேரிக்கே போகாத வீடுகளில்கூட அவர் விரல்கள் பழக்கமானது அந்த டீ வழியாகத்தான். 2024 பிப்ரவரியில் ஒரே இரவில் அவருக்கு மூன்று கிராமி விருதுகள். அதில் ஒன்று ஷக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்கு. சங்கர் மகாதேவனும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் செல்வகணேஷும் அதில் பங்காளிகள். 1970-களின் ஷக்தியில் கடம் வாசித்தவர் செல்வகணேஷின் தந்தை விக்கு விநாயக்ராம். அந்த ஆல்பத்தைக் கேட்கச் சிறந்த நேரம் விடிகாலை, முதல் டம்ளரோடு. டிசம்பர் 15 அன்று ஜாகிர் ஹுசைன் சான் ஃபிரான்சிஸ்கோவில் காலமானார், வயது 73.

கசந்த பண்டமும் ஒன்று உண்டு. மார்ச் மாதம் சைவ உணவை மட்டும் எடுத்துச் செல்லப் பச்சைச் சட்டை அணிந்த தனிப் படையை ஸொமாட்டோ அறிவித்தது. யார் வீட்டுக்கு எந்தச் சட்டை வருகிறது என்பதை வைத்து வாடகைக்குக் குடியிருப்பவர்களைச் சந்தேகிக்க மாட்டார்களா என்று கேள்வி கிளம்பியது. சிவப்புச் சட்டைக்காரர்களைச் சில குடியிருப்புகள் உள்ளே விடாமல் போகலாம் என்பதும் உறைத்தது. மறுநாளே பச்சைச் சட்டையை மடித்து வைத்துவிட்டு எல்லோருக்கும் சிவப்பே என்றது நிறுவனம். சாப்பாட்டு மூட்டையை வெளியில் அடையாளம் காட்ட வேண்டாம் என்ற அந்தச் சின்ன விவேகம் பாராட்டத் தக்கது.

ஆண்டின் தட்டு எது? பெங்களூர் புரூக்ஃபீல்டில் உள்ள ராமேஸ்வரம் கஃபேயின் நெய் தோசை. அப்துல் கலாமின் ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தக் கடையில் மார்ச் 1 அன்று, மத்தியான சாப்பாட்டு நேரத்தில், யாரோ விட்டுச்சென்ற பையில் குண்டு வெடித்தது. பலர் காயமடைந்தார்கள், உயிரிழப்பு இல்லை. என்.ஐ.ஏ. விசாரணையை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் தோசை என்பது நின்றுகொண்டே தின்னும் சமாச்சாரம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரும் ஆட்டோக்காரரும் ஒரே உயர மேஜையில் தட்டு வைத்து, முன்பின் தெரியாதவரிடம் சட்னியைத் தள்ளச் சொல்லி, ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவர் பை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் அந்த மேஜை முடிந்தது. மார்ச் 9 அன்று கடையை மறுபடி திறந்தார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்துச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஜனங்கள் சோதனைக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போய், தோசைக்கு வரிசையில் நின்றார்கள்.